இல்லம்தோறும் இளஞ்சூடு

தண்பொழில் நாட்டில் வரி எதுவும் கட்டாமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது குளிர். ஐப்பசி கடைசியில் வடக்கிலிருந்து இறங்கினால் பங்குனி வரை போகாது. அந்த ஐந்து மாதமும் மக்கள் விறகை எரித்து உயிர் பிழைத்தார்கள். விறகு மேற்குன்றத்துக் காடுகளில் வெட்டப்பட்டு, மாட்டு வண்டிகளில் நான்கு நாள் பயணம் செய்து தலைநகரின் அரசுக் கிடங்குக்கு வரும். அங்கே ஒவ்வொரு கட்டையிலும் அரச முத்திரை குத்துவார்கள். பிறகு மூன்று வளநாடுகளுக்கும் பங்கு பிரித்து அனுப்புவார்கள். மேற்குன்றத்தின் பங்கு, வந்த வழியே மறுபடி நான்கு நாள் மலையேறிப் போகும். இதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. முத்திரை இல்லாத கட்டை எரிந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது எரிந்ததாகாது.

இந்த நாட்டின் அரண்மனையில், வரைபட மண்டபத்தில், அஞ்சுகம் என்ற பெண் வேலை பார்த்தாள். வயது நாற்பத்தாறு. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் அந்த வேலை கருணை அடிப்படையில் அவளுக்கு வந்தது. தூரிகை பிடிக்கத் தெரியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தெரிந்திருந்தது அரண்மனையின் அதிர்ஷ்டம்.

மன்னர் வெங்கதிர்ச் செம்மலுக்கு அறிக்கை படிக்கப் பொறுமை கிடையாது. நிறம் பார்ப்பார். ஆகவே எந்தத் துறை எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும், அது எங்கே எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மண்டபச் சுவரில் தொங்கிய பெரிய துணி வரைபடத்தில் அஞ்சுகம் தீட்டிக் காட்ட வேண்டும். நூற்றுக்கு எண்பது வீடுகள் சேர்ந்திருந்தால் பச்சை. நாற்பதுக்கு மேல் என்றால் மஞ்சள். அதற்கும் கீழே போனால் சிவப்பு.

செம்மலின் இருபத்துமூன்றாம் ஆட்சியாண்டில் காடு மெலிந்துவருவதாக ஒரு பேச்சு எழுந்தது. உடனே இளஞ்சூட்டுத் துறை என்று ஒரு புதிய துறை பிறந்தது. அதன் அமைச்சர் தழலரசர், நெடிய உருவமும் நீண்ட வாக்கியங்களும் உடையவர். அவர் 'இல்லம்தோறும் இளஞ்சூடு' என்ற திட்டத்தை அறிவித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் குளிர் புகாத இரட்டைக் கதவு, சுவருக்குக் கம்பளி உறை, மூடி போட்ட அடுப்பு. பெருஞ்செலவை அரண்மனையே ஏற்கும்.

"ஒரு கட்டை எரியும் இடத்தில் அரைக் கட்டை எரியும்! மீதி அரைக் கட்டை நம் பேரப்பிள்ளைகளுக்கு!" என்று தழலரசர் முழங்கினார். "குடிமக்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு விண்ணப்பம் எழுதுவது மட்டுமே."

விண்ணப்பம் பதினோரு பக்கம் இருந்தது.

ஓராண்டு முடிந்ததும் அஞ்சுகம் வரைபடத்தைத் தீட்டினாள். தலைநகரைச் சுற்றியிருந்த நடுவளநாடு பளிச்சென்ற பச்சை. கரைவளநாடு மஞ்சள், உப்புக்காற்றில் கம்பளி உறை பூசணம் பிடிக்கிறது என்று அங்கே பாதிப் பேர் கழற்றிவிட்டிருந்தார்கள். மேற்குன்றம் முழுக்கச் சிவப்பு. அந்த வளநாட்டில் திட்டத்தில் சேர்ந்தது ஒரே ஒரு வீடு. அது வனக் கண்காணிப்பாளருக்கு அரசு கட்டிக் கொடுத்த மாளிகை.

மன்னர் வந்தார், பார்த்தார், புருவத்தை நெரித்தார்.

"அமைச்சரே, நாட்டில் குளிர் அதிகம் எங்கே?"

"மேற்குன்றத்தில், மன்னர் பெருமானே."

"அப்படியானால் இந்தத் திட்டம் அதிகம் தேவைப்படுவது யாருக்கு?"

"மேற்குன்றத்தாருக்கு."

"பிறகு ஏன் அங்கே சிவப்பு?"

தழலரசர் கண்ணை மூடித் திறந்தார். "மனப்பான்மை, மன்னர் பெருமானே. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. காற்று மெலியும் இடத்தில் ஆர்வமும் மெலிவது இயற்கை. விழிப்புணர்வு ஒன்றே மருந்து."

அவ்வாறே ஆணையாயிற்று. குளிரின் தீமைகளை ஆடியும் பாடியும் விளக்குவதற்காக நாற்பது கலைஞர்கள் மார்கழி மாதத்தில் மேற்குன்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மலைமக்கள் கலைநிகழ்ச்சியைக் கடைசிவரை மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு, கலைஞர்களில் ஒன்பது பேருக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டதால், தங்கள் வீட்டு விறகை எரித்து அவர்களைக் காப்பாற்றித் திருப்பி அனுப்பினார்கள். சிவப்பு மாறவில்லை.

அடுத்த ஆணை வந்தது. சிக்கனத்தின் அருமை தெரிய வேண்டுமானால் பற்றாக்குறை இருக்க வேண்டும் என்று துறை ஆராய்ந்து கண்டது. மேற்குன்றத்தின் விறகுப் பங்கில் கால்வாசி வெட்டப்பட்டது. வெட்டிய கால்வாசி, சிறப்பாகச் செயல்பட்டதற்கான ஊக்கப் பரிசாக நடுவளநாட்டுக்கு வழங்கப்பட்டது. நடுவளநாட்டார் பரிசை மதிக்கத் தெரிந்தவர்கள். வீடு ஏற்கெனவே கதகதப்பாக இருந்ததால் முற்றத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்பு வைத்தார்கள். பட்டு வணிகர் ஒருவர் தம் கிளிக்கூண்டுக்குத் தனியாக ஓர் அடுப்பு வைத்தார். அதற்கும் மூடி போட்டிருந்தபடியால் அதுவும் திட்டக் கணக்கில் சேர்ந்தது.

மேற்குன்றத்தார் வேறு வழியின்றிச் சுவர் இடுக்குகளில் காய்ந்த சருகையும் ஆட்டு உரோமத்தையும் திணித்துக் குளிரைத் தடுத்தார்கள். இது துறையின் காதுக்கு எட்டியது. அங்கீகாரமற்ற அடைப்புகள் பெருகினால் அங்கீகரிக்கப்பட்ட அடைப்புகளின் தேவை குறைந்து திட்டம் தோற்கும் என்று மூன்றாவது ஆணை சொன்னது. ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று சருகையும் உரோமத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இரண்டாம் ஆண்டுக் கணக்கில் மேற்குன்றத்தின் ஒரு வீடும் குறைந்து சுழியாயிற்று. வனக் கண்காணிப்பாளர் பணிமாறுதலில் போனபோது இரட்டைக் கதவையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

"இன்னும் இரண்டு மாதத்தில் என் வெள்ளிவிழா," என்றார் மன்னர். "வேற்று நாட்டுத் தூதர்கள் வருவார்கள். இந்தச் சிவப்பை அவர்களிடம் காட்டவா? யாராவது நேரில் போய்க் காரணத்தைக் கண்டு வாருங்கள்."

துறை அதிகாரிகள் எல்லோருக்கும் அந்த வாரம் முதுகுவலி. கடைசியில், நிறம் தீட்டுகிறவருக்கே நிறத்தின் காரணம் தெரிந்திருப்பது நல்லது என்று முடிவாகி, அஞ்சுகம் அனுப்பப்பட்டாள். கையில் அச்சிட்ட கேள்வித்தாள் ஒரு கட்டு கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் அரச முத்திரை.

விறகு இறக்கிவிட்டு மலை திரும்பும் வண்டி ஒன்றில் ஏறி, நான்காம் நாள் காலை கல்லூற்று என்ற ஊரில் அவள் இறங்கினாள். தலைநகரத்தில் அவள் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தது எதுவும் குளிரே இல்லை என்று அப்போது தெரிந்தது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஊருக்கு வருபவரைத் தங்கவைக்கும் முறை அந்த வாரம் பேராயியுடையது. மரம் வெட்டி வண்டியேற்றுவது பேராயியின் தொழில். ஐம்பது வயதிலும் தோள் இரண்டும் அடுப்புக்கட்டி மாதிரி இருக்கும். மகன் காட்டில் இருந்தான். வீட்டில் மருமகளும், இரண்டு வயதுப் பேத்தியும்.

"வாங்கம்மிணி, குனிஞ்சு வாங்க. நிமுந்து வந்தா நெத்தி பேந்துரும்," என்றாள் பேராயி. வாசல் நாலரை அடிதான். காற்றுக்குப் பயந்து அந்த மலையில் எல்லா வாசலும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

உள்ளே போனதும் அஞ்சுகத்துக்கு முதலில் கேட்டது குழந்தையின் இருமல். சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கிக் குலுங்கி இருமியது. மருமகள் அதை மடிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் இரண்டு சுள்ளிகள் மட்டும். கல்சுவரில் விரல் நுழையும் அகலத்துக்கு இடுக்குகள். அவற்றின் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது.

தன் கடமையைச் செய்ய அஞ்சுகம் கேள்வித்தாளை விரித்தாள்.

"அக்கா, முதல் கேள்வி. குளிரைப் பற்றி உங்க கருத்து என்ன?"

பேராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குளுருமுங்க."

"அவ்வளவுதானா?"

"வேறென்னங்க கருத்து இருக்குது?"

அஞ்சுகம் எழுதிக்கொண்டாள். "இரண்டாவது. திட்டத்துல சேர நீங்க ஏன் விரும்பலை? அறியாமை, சோம்பல், அரச விசுவாசக் குறைவு. இதுல ஒண்ணைச் சொல்லணும்."

"ஆருங்க விரும்பலைன்னது?" பேராயியின் குரல் உயர்ந்தது. எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தாள். உள்ளே பதினோரு பக்க விண்ணப்பம் மூன்று, மூன்றும் திரும்பி வந்தவை. "படிச்சுப் பாருங்கம்மிணி. மூணு வாட்டி போட்டுட்டோம். எழுதத் தெரிஞ்சவரு அடுத்த ஊருல இருக்காரு. ஒவ்வொரு வாட்டியும் அவருக்குக் கோழி அடிச்சுக் குழம்பு வெச்சு எழுதி வாங்கிப் போட்டோம்."

அஞ்சுகம் படித்தாள். முதல் விண்ணப்பம், வீட்டு உரிமையாளரின் கையெழுத்து இல்லாததால் திருப்பப்பட்டிருந்தது.

"வீடு உங்க பேர்ல இல்லையா?"

"இந்த மலையில ஆரு பேர்லயுங்க ஊடு இருக்குது? மன்னரோட பாட்டன் காலத்துலயே மலையும் ஊடும் அரமணைக்குன்னு எழுதிப்போட்டாங்களே. நாங்க குடியிருக்கறவிய. மன்னருதான் ஊட்டுக்காரரு."

இரண்டாம் விண்ணப்பத்தில் அந்த விவரத்தை எழுதி, உரிமையாளரான மன்னர் கையெழுத்திட்டு அருளுமாறு வேண்டியிருந்தார்கள். தனியார் வீடுகளுக்கான விண்ணப்பங்களில் மன்னர் கையெழுத்திடுவது மரபில்லை என்று பதில் வந்திருந்தது. மூன்றாம் விண்ணப்பம் இன்னும் தூரம் போயிருந்தது. மாதம் இரண்டு வண்டி விறகு எரித்து வந்த வீடுகள்தான் சிக்கனம் செய்யத் தகுதி உடையவை. விண்ணப்பதாரர் மாதம் அரை வண்டியே எரிப்பதால், இவர் மிச்சப்படுத்த எதுவும் இல்லை என்று அதில் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே தழலரசரின் அழகான கையெழுத்து.

"மாதிரிக்குன்னு கதவு மட்டும் ஒண்ணு வந்துச்சுங்க," என்றாள் மருமகள் மெதுவாக. "ஏழடிக் கதவு. மாட்டறதுக்கு ஆள் உங்கூருக் கோட்டை வாசலைத் தாண்டி வரமாட்டாங்களாம். அவிகளுக்குப் பயணப்படி அதுவரைக்கும்தானாம்."

"நாலரை அடி வாசலுக்கு ஏழடிக் கதவு," என்று பேராயி சிரித்தாள். "ஊட்டை இடிச்சுப்போட்டுக் கதவை மட்டும் நிறுத்தி வெச்சுக்கலாமான்னு எம்பையன் கேட்டான். இப்ப அது ஓடைக்குக் குறுக்கால கெடக்குது. அதுமேலதான் வண்டி ஏறி உங்க ஊருக்கு விறகு வருது."

குழந்தைக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. முகம் கருத்துப்போய், மூச்சை இழுக்கத் தவித்தது. மருமகள் முதுகைத் தடவினாள். பேராயி வெந்நீரை எடுத்தாள். அஞ்சுகம் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றாள். இருபது வருடம் சிவப்பு தீட்டியிருக்கிறாள். கிண்ணத்தில் குழைத்து, சொட்டாமல், எல்லை தாண்டாமல். அந்தச் சிவப்புக்குள் இருமல் சத்தம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இருமல் அடங்கியதும் அவள் சுவரைப் பார்த்தாள். "முன்னாடி இதை எதால அடைச்சிருந்தீங்க?"

"சருகும் உரோமமும். ஆய்வாளரு வந்து பிடுங்கிப்போட்டாருங்க. மறுபடி வெச்சா விறகே கிடையாதுன்னுட்டாரு."

அஞ்சுகம் கேள்வித்தாள் கட்டை எடுத்தாள். ஒரு தாளை நீளவாக்கில் சுருட்டி, மேலே இருந்த இடுக்கில் செருகி, விரலால் அழுத்தினாள். காற்றின் சீறல் ஓரிடத்தில் நின்றது. இன்னொன்றைச் சுருட்டினாள்.

பேராயிக்குப் பதறிப்போயிற்று. "அய்யோ அம்மிணி, சட்டம் ஒத்துக்குமா?"

"ஒவ்வொரு தாள்லயும் அரச முத்திரை இருக்கு அக்கா. இதைவிட அங்கீகரிச்ச அடைப்பு இந்த நாட்டுலயே கிடையாது."

மூன்று பெண்களும் உட்கார்ந்து மத்தியானம் வரை கேள்விகளைச் சுருட்டிச் சுவரை அடைத்தார்கள். அறியாமை, சோம்பல், விசுவாசக் குறைவு எல்லாம் கல்லிடுக்குகளுக்குள் போயின. குழந்தை சிரமமில்லாமல் தூங்கிற்று.

மூன்று நாள் அந்த ஊரில் வீடு வீடாகப் போய்விட்டு அவள் தலைநகர் திரும்பினாள். அவளுடைய அறிக்கை அரைப் பக்கம்தான். மேற்குன்றத்து வீடுகளின் உரிமையாளர் மன்னர். உரிமையாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கதவை நாலரை அடிக்குச் செய்ய வேண்டும். அதுவரை சருகைப் பிடுங்காமல் இருக்க வேண்டும்.

அவை கூடியது. தழலரசர் அறிக்கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மையார் அரும்பாடுபட்டிருக்கிறார். ஆனால் இதிலுள்ள அரசியல் சிக்கலை அவர் அறியமாட்டார். மன்னர் விண்ணப்பிக்கலாம். ஆனால் மன்னரின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் இந்த மண்ணில் யாருக்கு இருக்கிறது?"

அவை அதிர்ந்துபோயிற்று. மன்னரும் ஒரு கணம் தம் அதிகாரத்தை நினைத்துத் தாமே பிரமித்தார்.

"கதவின் அளவை மாற்றலாமே?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

"மாற்றலாம். அளவுக் குழு, மறு அளவுக் குழு, கருத்துக் கேட்பு, எல்லாம் முடிய மூன்றாண்டு. வெள்ளிவிழாவுக்கு இருபது நாள்." தழலரசர் வரைபடத்தின் அருகே சென்று நின்றார். "மன்னர் பெருமானே, நெடுங்காலம் சிந்தித்தேன். சிவப்பைப் பச்சையாக்குவது எப்படி என்றே இதுவரை நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். சிவப்பு நமக்கு எதற்கு என்று நாம் கேட்கவே இல்லை."

"விளங்கச் சொல்லும்."

"மேற்குன்றத்தை நாட்டிலிருந்து விடுவித்துவிடலாம். கரைவளநாட்டை நடுவளநாட்டோடு சேர்த்துவிட்டால் மஞ்சளும் பச்சையில் கரைந்துவிடும். விழா நாளில் தண்பொழில் முழுவதும் பச்சை. நூற்றுக்கு நூறு வளநாடுகளில் வெற்றி. உலகில் எந்த நாடும் செய்யாதது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அஞ்சுகம், "மன்னர் பெருமானே, விறகு..." என்று ஆரம்பித்தாள்.

"விறகைப் பற்றி விறகுத் துறை பேசும்," என்றார் தழலரசர்.

"அந்தத் துறையில் ஆளே இல்லையே. விறகைச் சிக்கனப்படுத்தும் துறைக்கு ஆள் போதவில்லை என்று எல்லோரையும் இங்கே மாற்றிவிட்டீர்களே."

"பார்த்தீர்களா, சிக்கனம்!" என்றார் தழலரசர். அவை சிரித்தது.

"மன்னர் பெருமானே, நம்முடைய விறகெல்லாம் எங்கிருந்து..."

"அம்மா," என்று மன்னர் அன்பாகவே குறுக்கிட்டார். "உன்னை மனப்பான்மையை ஆராயத்தானே அனுப்பினோம்? விறகு வேறு பொருள். ஒரு கூட்டத்தில் ஒரு பொருள். சரி, எல்லைக் கோட்டைப் போடு. மலை எங்கே தொடங்குகிறது?"

அஞ்சுகத்தைத் தவிர அங்கிருந்த இருபத்தேழு பேரில் ஒருவர்கூட மலையைப் பார்த்ததில்லை.

"அம்மையார் போய் வந்தவர். அவரே போடட்டும்," என்றார் தழலரசர்.

அஞ்சுகம் கறுப்பு மையில் தூரிகையைத் தோய்த்தாள். கோட்டை மேலே, பாறை உச்சியை ஒட்டிப் போட்டால் காடு முழுக்கத் தண்பொழிலோடு தங்கிவிடும். பேராயியும் குழந்தையும் வெறும் பாறையோடு வேற்று நாட்டாராவார்கள். தூரிகை நுனியில் மை திரண்டு துளியாயிற்று. பிறகு, அடிவாரத்தில், வண்டிகள் தங்கி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் இடத்துக்கும் கீழே, கடைசி மரத்தையும் தாண்டி, ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டாள்.

"அழகான வளைவு," என்றார் மன்னர்.

அன்று மாலையே ஆணை எழுதப்பட்டது. மேற்குன்றத்தார் இனிக் குடிகள் அல்லர். அவர்கள் மீது அரண்மனைக்கும், அரண்மனை மீது அவர்களுக்கும் எவ்வித உரிமையும் கிடையாது. வேற்று நாட்டில் வீடு வைத்திருப்பது மன்னரின் மாட்சிமைக்குப் பொருந்தாதென்று யாரோ ஓர் அதிகாரி கருதியதால், வீடுகள் குடியிருந்தோர் பெயருக்கே எழுதிக் கொடுக்கப்பட்டன.

வெள்ளிவிழா சிறப்பாக நடந்தது. பச்சை வரைபடத்தைப் பார்த்து மூன்று நாட்டுத் தூதர்கள் வியந்தார்கள். ஒருவர் அதை நகல் எடுத்துக்கொண்டு போனார்.

விழாவுக்கு மறுவாரம் கடைசி வண்டி வந்தது. முத்திரைகளுக்காகக் காத்துக் கிடந்த ஆணை மலைக்குப் போய்ச் சேருமுன் புறப்பட்ட வண்டி. வண்டிக்காரர் அரண்மனை வாசலில் அஞ்சுகத்தைத் தேடிவந்தார்.

"பேராயியக்கா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. புள்ளைக்கு இருமல் நின்னுபோச்சுங்களாம். ஆணை வரப்போவுதுன்னு கேட்டதுமே சருகும் உரோமமும் வெச்சு ஊரே சுவரை அடைச்சுக்கிட்டுது. இனி ஆய்வாளரு வரமாட்டாரில்லீங்க?"

"வரமாட்டார்," என்றாள் அஞ்சுகம். "நீங்களும் இனி வரமாட்டீங்கதானே?"

"எதுக்குங்க வரோணும்? எங்க விறகை எங்கூருலயே எரிச்சுக்கறோம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

அஞ்சுகம் திரும்பி அரசுக் கிடங்கின் பக்கம் பார்த்தாள்.

தை பிறப்பதற்குள் கிடங்கு காலியாயிற்று. நடுவளநாட்டில் முதலில் கிளிக்கூண்டு அடுப்பு அணைந்தது, பிறகு கொட்டகை அடுப்புகள், பிறகு வீட்டு அடுப்புகள். இரட்டைக் கதவுகள் தங்கள் கடமையில் தவறவில்லை. உள்ளே சூடு இருந்தவரை சூட்டை வெளியே விடவில்லை. இப்போது உள்ளே குளிர் இருந்தது, அதையும் வெளியே விடவில்லை. வெயில் ஏறிய பிறகும் வீட்டுக்குள் விறைத்தது. அஞ்சுகம் தன் வீட்டில் இருந்த துணியெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கோடு போட்ட தன் கைதான் இதற்கும் காரணம் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழும்போதெல்லாம் அவையில் தான் விறகைப் பற்றி நாலாவது முறை வாய் திறந்திருக்க வேண்டுமோ என்று நினைப்பாள். திறந்திருந்தால் அதையும் சிரித்திருப்பார்கள் என்றும் நினைப்பாள்.

இளஞ்சூட்டுத் துறை மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. தழலரசர் ஓர் அறிக்கையோடு மன்னரைக் கண்டார்.

"திட்டம் தொடங்கியபோது மாதம் பன்னிரண்டாயிரம் வண்டி விறகு எரித்தோம், மன்னர் பெருமானே. இந்த மாதம் எத்தனை தெரியுமா? சுழி! ஒரு சுள்ளிகூட இல்லை. உலக வரலாற்றில் முழுச் சிக்கனம் அடைந்த முதல் நாடு தண்பொழில்."

மன்னர் தமது மூன்றாவது போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெற்றிவிழாவுக்கு ஆணையிட்டார்.

விழா கோட்டைத் திடலில், பிற்பகலில். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று பறையறிவித்தார்கள். திடலுக்குள் ஒருவர் பின் ஒருவராக வந்து, இடம் போதாமல் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அஞ்சுகம் மாடத்தில், பச்சை வரைபடத்தைப் பிடித்தபடி மன்னருக்குப் பின்னால் நின்றாள். மாடத்தில் காற்று நாலாபக்கமும் வீசியது. அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

மன்னர் பேசத் தொடங்கினார். வழக்கமாக அவர் பேச்சில் பாதியிலேயே திடலின் ஓரங்கள் கரையத் தொடங்கும். இன்று ஒருவரும் நகரவில்லை. அதைவிட ஆச்சரியம், வீட்டில் விட்டுவந்தவர்களையும் போய்க் கூட்டிவந்தார்கள். குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள், நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று, கூட்டம் பெருகியது.

மன்னர் திரும்பித் தழலரசரைப் பார்த்தார். "என்ன அன்பு, அமைச்சரே! இருபத்தைந்து ஆண்டில் இப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை."

"தங்கள் ஆட்சியின் சாதனை, மன்னர் பெருமானே."

"நாளையும் பேசுகிறேன். நாள்தோறும் பேசுகிறேன். பங்குனி வரை பேசுகிறேன்!"

அறிவிப்பைக் கேட்டுத் திடல் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் வாடகைக் கைதட்டல் ஒன்றுகூட இல்லை.

அஞ்சுகம் வரைபடத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. படிகளில் இறங்கித் திடலுக்கு வந்து, கூட்டத்தின் விளிம்பில் நின்றாள். கைக்குழந்தையைச் சேலைக்குள் பொதிந்திருந்த ஒரு பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்தான்.

"ஓரத்துல நிக்காதீங்கக்கா, உறைஞ்சிருவீங்க. உள்ள வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொடுத்தாள். நாலு பக்கமும் உடம்புகளின் சூடு. அஞ்சுகத்துக்கு விரல்களில் மெல்ல உணர்வு வந்தது, வலித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மேலே மன்னரின் குரல் வரலாற்றின் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா பேசுவாரு?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

"பேசட்டும்கா," என்றாள் அந்தப் பெண், குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு. "நிறுத்திட்டா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க."